மூடிய அலமாரி, திறந்த நூலகம்

அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் இனம், பாலினம் பற்றிய பாடங்களுக்கு 2021இல் சட்டம் கடிவாளம் போட்டது. 2022 ஆகஸ்டில் நார்மன் நகரப் பள்ளி ஆசிரியை ஒருவர், வகுப்பறைப் புத்தக அலமாரியைச் சிவப்புத் தாளால் மூடினார். கூடவே ஒரு கியூஆர் கோடையும் ஒட்டினார்.

கைபேசியைக் காட்டினால் போதும், நேராக நியூயார்க்கின் புரூக்ளின் பொது நூலகம்! எந்த மாநிலத்தவரானாலும் 13 முதல் 21 வயது வரையிலானோருக்கு இலவசமாக மின்நூல்களை இரவல் தரும் திட்டத்தை அந்த ஏப்ரலில்தான் அது தொடங்கியிருந்தது.

புகார் கிளம்பியது, ஆசிரியை வேலையை விட்டார். 2024 ஆகஸ்டில் மாநிலக் கல்வி வாரியம் அவருடைய ஆசிரியர் சான்றிதழையே ரத்து செய்தது. மாணவர்களுக்கு வழி திறந்தது. வழி காட்டியவருக்கு வகுப்பறை மூடியது. இதற்கிடையே அவருக்கு வேலை கொடுத்தது யார்? அதே புரூக்ளின் நூலகம்தான்.