சமதரையில் பார்த்த வைத்தியம் மேட்டில் பலிக்குமா?



"கார்பரேட்டரா? அது செத்துப் போன சப்ஜெக்ட்டுடா!" கேன்டீனில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. ஜிப்ஸி வண்டிக்கே 2000-ல் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. 2020-ல் பி.எஸ்.6 விதி வந்தபின் புது பைக்கிலும் கார்பரேட்டரைக் காண்பது அரிது. ஆகவே பரீட்சைக்கு நாலு வரி மனப்பாடம் செய்தால் போதும் என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் ஊர் லோயர் கேம்ப். விடியுமுன்னே கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஜீப் ஜீப்பாக ஜனங்கள் குமுளி மலையேறி ஏலத்தோட்ட வேலைக்குப் போவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எங்கம்மாவும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். மலையேறுவது பெரும்பாலும் டீசல் ஜீப்தான். ஆனால் மெயின் ரோட்டில் இறங்கியபின் தோட்டத்துக்குள் அவர்களை ஏற்றிப் போவது ஒரு பழைய பெட்ரோல் ஜீப்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் அந்த ஜீப் செங்குத்தான மேட்டில் பொசுக்கென்று நின்றுவிட்டது. ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லை. வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது. பின்பக்கம் தொங்கிக்கொண்டு வந்த பையன் குதித்து டயருக்குக் கல்லைப் போட்டதால் அத்தனை பேரும் பிழைத்தார்கள். அன்று ராத்திரி அம்மா சோறு தின்னவில்லை.

"டிரைவர் சரியில்லை" என்றார் ஒருவர். "வண்டி கிழடாயிருச்சு" என்றார் இன்னொருவர். பட்டறையில் ஜெட்டைக் கழற்றி, ஊதி, மாட்டிக் கொடுத்தார்கள். சமதரையில் ஜம்மென்று ஓடியது. மறுநாள் அதே மேட்டில் அதே இடத்தில் மறுபடி நின்றது!

இது ஏன்? எங்கள் ஊர்க்காரனுக்குப் புரிய ரொம்ப நேரம் ஆகாது. தேக்கடித் தண்ணீர் மேலே இருக்கிறது. லோயர் கேம்ப் பவர் ஹவுஸ் கீழே இருக்கிறது. அதனால்தான் ராட்சதக் குழாய் வழியே தண்ணீர் தானாக இறங்கி வருகிறது. அந்த ஜீப்பின் கார்பரேட்டரில் ஃப்ளோட் சேம்பர் முன்பக்கம், பெட்ரோலைத் தெளிக்கும் நாசில் அதற்குப் பின்னால். வண்டி மூக்கைத் தூக்கினால் சேம்பர் தேக்கடி ஆகிவிடும், நாசில் லோயர் கேம்ப் ஆகிவிடும். எஞ்சின் கேட்காமலே பெட்ரோல் வழியும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். சேம்பருக்கும் நாசிலுக்கும் இடைவெளி 5 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதிப்படி மலைச்சாலையில் தவிர்க்க முடியாத இடத்திலும் ஏற்றம் 100 மீட்டருக்கு 7, 8 மீட்டர்தான். அதில் மட்டம் 4 மி.மீ. வரைதான் மாறும். தோட்டத்துப் பாதைக்கு ஏது விதி? 100-க்கு 20 என்றால் 1 செ.மீ. மாறும். சமதரையில் பெட்ரோல் மட்டம் நாசில் வாய்க்குச் சில மில்லிமீட்டர்தான் கீழே நிற்கிறது. அப்புறம் ஏன் வழியாது? மெயின் ரோட்டில் சமர்த்தாக வரும் வண்டி உள்பாதையில் அடம்பிடிக்கும் ரகசியம் இதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டிரைவர் அண்ணனிடம் கெஞ்சி, பட்டறை அண்ணனையும் கூட்டிக்கொண்டு, ஜீப்பை ஒரு சரிவில் மூக்குத் தூக்கி நிறுத்தினோம். சக்கரத்துக்கெல்லாம் கல் வைத்தபின் ஏர் கிளீனரைக் கழற்றிவிட்டு ஐடிலில் ஓடவிட்டுப் பார்த்தோம். ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலே நாசில் சொட்டுச் சொட்டாக ஒழுகியது. பிளக் கறுத்து நனைந்திருந்தது. சோக் இழுத்தால் உடனே அணைந்தது. ஆக, பெட்ரோல் பற்றாமல் நிற்கவில்லை, மிதமிஞ்சி நின்றது. நீடில் வால்வு தேய்ந்து போய், மட்டம் இருக்க வேண்டியதைவிட ஏறியிருந்தது. வால்வை மாற்றி, ஃப்ளோட் நாக்கை லேசாக வளைத்து மட்டத்தை இறக்கினோம். ரொம்ப இறக்கினால் இறக்கத்தில் பெட்ரோல் பற்றாமல் போகும் என்பதால் அளவோடு நிறுத்தினோம். ஹேண்ட் பிரேக்கையும் சரிபண்ணி ஆச்சு. இப்போது அந்த மேட்டில் வண்டி கொஞ்சம் இருமும், ஆனால் நிற்பதில்லை.

இந்தத் தொல்லை நம்ம மலைக்கு மட்டும் சொந்தமல்ல. 1940-ல் நடந்த வான்போரில் பிரிட்டிஷாரின் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் விமானங்கள் மூக்கைக் குத்திப் பாய்ந்தால் எஞ்சின் அணையும். அங்கேயும் வில்லன் ஃப்ளோட் கார்பரேட்டர்தான்! எதிரியின் மெஸ்ஸர்ஷ்மிட்டில் இன்ஜெக்ஷன் இருந்ததால் அதற்கு அந்த வியாதி இல்லை. பீட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் என்ஜினியர், பெட்ரோல் அளவுக்கு மீறிப் பாயாதபடி ஒரு சின்னத் துளைத் தடுப்பைக் குழாய் வழியில் வைத்தார். 1941-ல் விமானங்களில் மாட்டினார்கள். முழுத் தீர்வு இல்லைதான். ஆனால் பல விமானிகள் உயிரோடு திரும்ப அது உதவியது. விமானம் தரையில் நிற்கும்போது எப்படி இருக்கிறது என்பதல்ல, பாயும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதைத்தான் அவர் யோசித்தார்.

நண்பர்களே, என் கருத்து இதுதான். வண்டி எந்த நிலையில் நிற்கிறதோ அந்த நிலையில் வைத்துத்தான் அதைப் பார்க்க வேண்டும். நம் லேபில் கார்பரேட்டர் மேஜை மேல் மட்டமாக உட்கார்ந்திருக்கிறது. அதை ஒரு சாய்வுப் பலகையில் பொருத்திக் காட்ட எத்தனை ரூபாய் ஆகும்? இரண்டு கீல், ஒரு மரப்பலகை, ஒரு பாகைமானி. நாமே செய்யலாம்! டீசல் வண்டிக்கும் இதே பாடம்தான்: டேங்கில் டீசல் குறைவாக இருந்து வண்டி சாய்ந்தால் உறிஞ்சு குழாய் காற்றை இழுக்கும், எஞ்சின் நிற்கும். கார்பரேட்டர் போகலாம், சரிவு எங்கே போகும்?

புது வண்டியெல்லாம் கம்பெனி ஷோரூமுக்குப் போகும். பழைய வண்டி நம்மிடம்தான் வரும். அதில் போகிறவர்கள் நம் வீட்டு ஜனங்கள். மேட்டில் வண்டி நின்றால் அவர்களுக்குப் போவது கூலி மட்டுமல்ல, உயிரும்தான். நம் கையில் இருக்கிற டிப்ளமோ அந்த மேட்டில் கல்லுக்குப் பதிலாக நிற்க வேண்டாமா?

சிந்திப்போம்! ஸ்பேனரை எடுப்போம்!