பட்டினி கண்ட வீட்டுக்கு இந்த நோய் வராதா?

"கொழுப்பு! ரெண்டு நாள் பட்டினி போட்டா தன்னால சாப்பிடும்." சோற்றை ஒதுக்கும் பெண்பிள்ளையைப் பற்றி ஈப்போ, சுங்கை சிப்புட் பக்கம் நம்மவர்கள் இப்படித்தான் பேசுகிறார்கள். உண்ணுதல் கோளாறு வெள்ளைக்காரப் பணக்காரப் பிள்ளைகளின் சீக்காம். லயத்தில் பிறந்து பால்மரம் வெட்டிய பரம்பரையை அது அண்டாதாம். படித்தவர்களும் இதை நம்புகிறார்கள். மனநோய்களில் அதிக உயிர் குடிப்பவற்றுள், சாப்பாட்டை ஒதுக்கி உடலை வற்றவைக்கும் அனரெக்சியாவும் ஒன்று என்பது இவர்கள் காதில் விழுவதில்லை.

பசியை அறிந்தவர்களுக்கு இது வராது என்பது முதல் பொய். 1945இல் ஜப்பான்காரன் ஆட்சியில் பேராக் தோட்டங்களில் நம் பாட்டிமார் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிடித்திருந்தார்கள். அதே மாதங்களில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 திடகாத்திரமான இளைஞர்களை, அவர்கள் சம்மதத்தோடு, ஏறக்குறைய ஆறு மாதம் அரைவயிற்றோடு வைத்திருந்தார். அவர்களுக்குப் பொழுதெல்லாம் சோற்று நினைப்பு. சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்த்தார்கள். பட்டினி முடிந்த பிறகும் சிலருக்கு வயிறு முட்டத் தின்றும் அடங்கவில்லை. பட்டினி யாரையும் காப்பதில்லை, சாப்பாட்டோடு மனம் கொண்ட உறவையே அது கெடுக்கிறது. தட்டில் ஒரு பருக்கை மிஞ்சினால் பாட்டி ஏன் பதறினார் என்று யோசித்தால் இது விளங்கும்.

அடுத்த பொய், இது வெள்ளைக்கார நோய் என்பது. தமிழர்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போன பிஜித் தீவில், கொழுத்த உடலையே அழகென்று கொண்டாடியவர்கள் அந்த மண்ணின் பூர்வகுடிகள். அங்கே ஒரு வட்டாரத்தில் 1995இல் தொலைக்காட்சி வந்தது. எடை குறைக்க வாந்தி எடுப்பதாக அப்போது ஒரு மாணவிகூடச் சொல்லவில்லை. 1998இல் 11.3 விழுக்காட்டினர் சொன்னார்கள். அதற்கு ஒரு டிவி பெட்டி போதுமாயிருந்தது. நம் ஈப்போ புந்தோங் பிள்ளைகள் கையிலோ டிக்டாக் இருக்கிறது.

மலேசிய அரசாங்கத்தின் கண்ணுக்கோ கொழுப்பு மட்டுமே தெரிகிறது. 2023 கணக்கெடுப்பின்படி பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் மிகை எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். இனிப்புப் பானத்துக்கு 2019இல் லிட்டருக்கு 40 காசு வரி, 2025இல் 90 காசு. இதில் எனக்குச் சண்டை இல்லை. பள்ளியில் பிள்ளையின் எடையை எடுத்து எழுதுவதோடு நின்றுவிடுவதுதான் கோளாறு. பத்துக் கிலோ குறைத்த மாணவிக்குப் பாராட்டு. எப்படிக் குறைத்தாள் என்று கேட்பது யார்? அள்ளித் தின்றுவிட்டுக் கழிவறையில் வாந்தி எடுப்பவள் பெரும்பாலும் மெலிந்திருக்கவே மாட்டாள். சிலர் குண்டாகவே இருப்பார்கள். இளவயது நீரிழிவுள்ளவர்களில் சிலர் உடல் இளைக்க இன்சுலினைத் தவிர்ப்பதும் உண்டு. தராசு இதையெல்லாம் சொல்லாது.

மனநல மருத்துவம் என்றாலோ பெற்றோருக்கு தஞ்சோங் ரம்புத்தான் நினைவு வந்துவிடுகிறது. 1911இல் திறந்த மனநல மருத்துவமனை இருக்கும் ஊரின் பெயரையே வசைச்சொல் ஆக்கி வைத்திருக்கிறோமே! அதனால்தான் சிகிச்சைக்கான வாசல் பக்கத்து அரசாங்க கிளினிக்கில் இருக்க வேண்டும் என்கிறேன். குடிமக்களுக்கு அங்கே ஒரு ரிங்கிட்தான், நிபுணரைப் பார்க்க ஐந்து. பணம் தடையில்லை, சாப்பாட்டுப் பழக்கத்தைப் பற்றித் தாதிக்கும் மருத்துவருக்கும் கேட்கத் தெரிய வேண்டும், தமிழிலும் கேட்க வேண்டும். ஆஸ்திரேலியா 2019 நவம்பர் முதல் உண்ணுதல் கோளாறு கடுமையாக உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 40 உளவியல் அமர்வுகள் வரைக்கும் 20 உணவியல் அமர்வுகள் வரைக்கும் மானியம் தருகிறது. நம் சுகாதார அமைச்சு எழுத்தில் ஒரு கொள்கையாவது வகுக்கட்டும். பள்ளியில் எடை பார்ப்பது திரைக்குப் பின்னால் நடக்கட்டும். பேராக்கின் நாடாளுமன்ற உறுப்பினர்களே, அடுத்த கூட்டத்தில் இதைக் கேள்வியாக எழுப்புங்கள்.