மாசிக்கு யார் லீவு தருவது?

தீபாவளி நெருங்கினால் பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு பேச்சு தவறாமல் வரும்: "அந்தக் காலத்துத் தீபாவளி மாதிரி வருமா?" குற்றவாளியும் உடனே பிடிபட்டுவிடுவார். முன்பு டிவி, இப்போது போன்.

தீபாவளி எங்கே தேய்ந்தது? கொழும்பிலிருந்து வரும் பஸ்களும் ரயிலும் ஐப்பசியில் நிரம்பி வழிகின்றன. துணி, வெடி, ஸ்பீக்கர் எல்லாமே கூடித்தான் இருக்கின்றன. தேய்ந்தது மாசியில் நடக்கும் காமன் கூத்து. அதுதான் ஏக்கப் பேச்சில் அதிகம் வருவதில்லை.

மாசி அமாவாசைக்குப் பிறகு கம்பம் ஊன்றுவார்கள். அன்றிலிருந்து காமனை எரிக்கும்வரை ஏறத்தாழ இரண்டு வாரம் இரவுதோறும் ஆட்டம். காமனான மதனாகவும் ரதியாகவும் ஆடுபவர்கள் விரதம் இருக்க வேண்டும். தூதன், எமன், வீரபத்திரன் ஒவ்வொருவராகக் களம் இறங்குவார்கள். வேஷம் கட்டியவரே விடிந்ததும் பிரட்டுக்கு, அதாவது பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்துக்கு, வந்து, மலைக்கு வேலைக்கும் போவார். தோட்டத்திலேயே பிறந்து, தோட்டத்திலேயே உழைத்து, வேறெங்கும் போக வழியில்லாத சனம் இருந்ததால்தான் அது நடந்தது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குக் கப்பலேறியவர்களோடு கூத்து தெரிந்தவர்களும் போனார்கள். மிஞ்சியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கொழும்புக் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்கிறார்கள். முதலாளி தரும் இரண்டு நாள் லீவு தீபாவளிக்குப் போதும். மதனுக்குப் போதாது. பக்தி குறைந்துவிட்டது என்பவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. கூத்துக்குத் தப்படித்தவர்களின் பிள்ளைகள் பலர் தப்பைத் தொட மறுக்கிறார்கள். அந்தத் தொழிலோடு சேர்த்துச் சுமத்தப்பட்ட சாதி அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் விலகியதை நான் பண்பாட்டு இழப்பு என்று எழுதமாட்டேன்.

ஏக்கம் எதை விட்டுவிடுகிறது என்பதையும் கவனியுங்கள். இலங்கை வானொலியில் கே.எஸ். ராஜாவின் குரலையும் அப்துல் ஹமீதின் 'பாட்டுக்குப் பாட்டு' நிகழ்ச்சியையும் ஒரு லயமே, அந்த வரிசை வீடுகளின் சனம் எல்லாம், ஒரு ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து கேட்டதாகச் சொல்வோம். மற்றக் காம்பராக்களில் ரேடியோ இல்லை என்பதைச் சொல்லமாட்டோம். ஏக்கம் விட்டுவிடுவது இன்னும் உண்டு: 1973–74 பஞ்சத்தில் தோட்டங்களில் சனம் பட்டினியால் செத்தது. 1983 ஜூலையில் பதுளை நகரத்தில் தமிழர் கடைகள் எரிந்தன. பழைய லயத்தின் நெருக்கத்தைப் புகழும்போது கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தையும் நினைக்க வேண்டும். 2014இல் தீபாவளி முடிந்து ஒரு வாரத்தில், ஒக்டோபர் 29 காலையில், மண்சரிவு அங்கே லயங்களை மூடியது.

அந்தக் காலத்துப் புதுச்சட்டையும் பெரும்பாலும் தோட்டம் தந்த தீபாவளி முற்பணத்தில்தான் வந்தது. பிறகு மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தார்கள். பிள்ளைகளுக்குச் சட்டை ஞாபகம். பிடித்த கணக்கு அம்மாவுக்கு ஞாபகம். ஏக்கத்தைப் பெரும்பாலும் சொல்வது பிள்ளைகள்தான்.

ஆனாலும் காமன் கூத்து நின்றுபோவது எனக்குச் சம்மதமில்லை. ஒரு மணி நேர மேடை நிகழ்ச்சியாகச் சுருக்கி, அதிதிகளுக்குப் பொன்னாடை போர்த்தி முடிப்பதைப் பாதுகாப்பு என்று ஏற்கவும் முடியவில்லை. ஐப்பசிதோறும் முற்பணம் எவ்வளவு என்று கம்பனியோடு மல்லுக்கட்டும் சங்கங்கள், மாசியில் சம்பளத்தோடு நாலு நாள் லீவும் கேட்டுப் பார்க்கலாம். தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்பவர்களுக்காவது அது உதவும். கொழும்பு புறக்கோட்டைக் கடையில் நிற்கும் பையனுக்கு அதுவும் எட்டாது.