இயர்போன் வாங்குமுன் செவியை அறிவோம்





மக்தபிற்கு வரும் பிள்ளைகளின் பைகளில் இன்று யஸ்ஸர்னல் குர்ஆனுக்கு அருகிலேயே இயர்போன் ஒன்றும் இருக்கிறது. காரீகளின் ஓதலைக் கேட்டு மனனம் செய்வதற்கும், இணையவழி வகுப்புகளுக்கும், ஆலிம்களின் பயான்களைக் கேட்பதற்கும் அது தேவைப்படுகிறது. ‘உஸ்தாத், எந்த இயர்போன் வாங்கிக் கொடுக்கலாம்?’ என்று கேட்கும் பெற்றோர் பெரும்பாலும் ஒரு நிறுவனத்தின் பெயரையே எதிர்பார்க்கிறார்கள். பெயரைச் சொல்வதைவிடத் தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்வதே அவர்களுக்குப் பயன் தரும் என்பது என் கருத்து. நிறுவனங்களின் மாதிரிகள் ஆண்டுதோறும் மாறுகின்றன. நமது செவியோ மாறுவதில்லை.

செவிப்புலன், பார்வை, இதயம் ஆகிய ஒவ்வொன்றைப் பற்றியும் மனிதன் விசாரிக்கப்படுவான் என்று அல்இஸ்ரா அத்தியாயத்தின் 36ஆம் வசனம் எச்சரிக்கிறது. எதைக் கேட்டோம் என்பதற்கான விசாரணையாகவே இதனை நாம் பெரும்பாலும் விளங்கிக்கொள்கிறோம். கேட்கும் ஆற்றலே ஓர் அமானிதம் என்பதால், அதனை எவ்வாறு பேணினோம் என்பதும் சிந்திக்க வேண்டியதே.

உட்செவியில் நத்தையோடு போன்ற சுருளுக்குள் ஏறத்தாழ 15,000 நுண்மயிர் உயிரணுக்கள் உள்ளன. காற்றின் அதிர்வை நரம்புகளுக்குரிய செய்தியாக மாற்றுபவை அவையே. பேரொலியால் அவை ஒருமுறை அழிந்தால் மனிதனுக்கு மீண்டும் முளைப்பதில்லை. பேரொலியின் பாதிப்பு முதலில் தெரிவது 3000 முதல் 6000 ஹெர்ட்ஸ் வரையிலான உச்ச ஒலிகளில்தான். ஓதுவோருக்கு இது மிக முக்கியமான செய்தியாகும். ஸீன், ஸாத், ஸே ஆகிய மூன்று அரபு எழுத்துகளையும் தமிழில் ஒரே ‘ஸ’ கொண்டு எழுதிவிடுகிறோம். அவற்றின் வேறுபாட்டைத் தமிழ்ப் பிள்ளைகள் செவியால் மட்டுமே பிரித்தறிய முடியும். ஸீனின் சீழ்க்கை போன்ற கூர்மை பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸுக்கு மேலே அமைகிறது. ஆகவே அளவு மீறிய ஒலியால் மாணவன் முதலில் இழப்பது, தஜ்வீத் கற்பதற்கு அவனுக்கு மிகவும் தேவையான நுண்மையைத்தான். பேச்சு கேட்கும், பாங்கும் கேட்கும். எழுத்துகளின் விளிம்புகள் மட்டும் மங்கிப்போகும். அதனால் இழப்பு நேர்ந்ததே நெடுநாள் தெரியாமல் போகும்.

உலக சுகாதார நிறுவனம் இதற்கு ஓர் அளவுகோலை வகுத்துள்ளது. பெரியவர்கள் 80 டெசிபல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். சிறுவர்களுக்கு அந்த வரம்பு 75 டெசிபல். ஒலி 3 டெசிபல் கூடும்தோறும் அனுமதிக்கப்பட்ட நேரம் பாதியாகக் குறைகிறது. 83 டெசிபலில் 20 மணி நேரம், 86 டெசிபலில் 10 மணி நேரம், 89 டெசிபலில் 5 மணி நேரம் என்று அந்தக் கணக்கு செல்லும். நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் பாடத்தைக் கேட்கும் ஹிஃப்ழு மாணவன் வாரத்தில் 20 மணி நேரத்தைத் தாண்டிவிடுகிறான். அவன் சிறுவனாயின் 78 டெசிபலுக்குள் நின்றாக வேண்டும். கேட்பது இறைவேதம் என்பதற்காக நுண்மயிர்கள் விதிவிலக்கு அளிப்பதில்லை.

ஒலியை ஏன் கூட்டுகிறோம்? பெரும்பாலும் வெளியே உள்ள இரைச்சலை மீறுவதற்காகவே. களம்பூரில் இருப்போருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. அரிசி ஆலைகளின் மோட்டார்கள், ஆரணிக்கும் போளூருக்கும் விரையும் பேருந்துகள், ஆரணி ரோடு நிலையத்தில் நின்று செல்லும் விழுப்புரம்–காட்பாடித் தடத்து இரயில்கள் என்று இரைச்சலுக்கு இங்கே குறைவில்லை. செவித்துளையைச் சரியாக அடைக்காத இயர்போனை அணிந்து பேருந்தில் ஏறுபவர், எஞ்சின் சத்தத்திற்கு மேல் காரீயின் குரலை உயர்த்தியே தீர வேண்டும். நன்கு பொருந்தும் ரப்பர் முனையோ வெளி இரைச்சலைச் சுமார் 20 டெசிபல்வரை தடுத்துவிடும். குறைந்த ஒலியிலேயே ஒவ்வோர் எழுத்தும் தெளிவாகும். எனவேதான் முதலில் பொருத்தம், அடுத்து சௌகரியம், அதன் பின்னரே ஒலித்தரம் என்ற வரிசையை வலியுறுத்துகிறேன். கடைகளில் நாம் பார்ப்பது இதற்கு நேர் தலைகீழான வரிசை.

பொருத்தத்தைச் சோதிப்பது எளிது. இயர்போனுடன் சிறியது, நடுத்தரம், பெரியது என மூன்று அளவு ரப்பர் முனைகள் தரப்படுகின்றன. பலர் பெட்டியில் பொருத்தி வந்ததை மாற்றுவதே இல்லை. மற்றவை உறை பிரிக்கப்படாமலேயே குப்பைக்குப் போகின்றன. ஒரே மனிதரின் வலச் செவித்துளையும் இடச் செவித்துளையும் அளவில் வேறுபடலாம். இரண்டுக்கும் வெவ்வேறு முனைகள் பொருத்துவதில் தவறில்லை. காது மடலை மேல்நோக்கியும் பின்நோக்கியும் மெதுவாக இழுத்துக்கொண்டு இயர்போனைச் செருகினால், வளைந்த செவிக்குழாய் நேராகி முனை ஒழுங்காக அமரும். பின்னர் ஓர் ஓதலை ஒலிக்கவிட்டு, விரலால் இயர்போனை இலேசாக உள்நோக்கி அழுத்திப் பாருங்கள். அப்போது குரலின் கனம் சட்டெனக் கூடினால், அதுவரை காற்று கசிந்துகொண்டிருந்தது என்று பொருள். பெரிய முனைக்கு மாறுங்கள். வாயை அசைத்துச் சில வசனங்களை ஓதிய பின்னும் அது நழுவாமல் இருந்தால் பொருத்தம் சரி. பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் செவித்துளை சிறியதாக இருப்பதால், மிகச் சிறிய முனையும் கிடைக்கும் மாதிரியைக் கேட்டு வாங்குவது நல்லது.

சௌகரியம் என்பது கடையில் ஐந்து நிமிடம் அணிந்து அறியும் பொருளன்று. முனை சரியாக இருந்தும் மடலின் குழியில் பிளாஸ்டிக் உடல் அழுத்தினால் அரை மணி நேரத்தில் வலிக்கத் தொடங்கும். ஆகவே எடை குறைந்ததும் விளிம்புகள் மழுங்கியதுமான வடிவமே நீண்ட நேரக் கேட்பிற்கு ஏற்றது. ஹிஜாப் அணியும் சகோதரிகள் மேலும் இரண்டைக் கவனிக்க வேண்டும். வெளியே துருத்தி நிற்கும் இயர்போனைத் துணி உள்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். தொடுதலால் இயங்கும் மாதிரிகளிலோ துணி உரசும்போது ஓதல் நடுவே நின்றுவிடும், அழைப்பு துண்டிக்கப்படும். தட்டையான வடிவமும், அழுத்தி இயக்கும் பொத்தானும் உடையவை அவர்களுக்கு உகந்தவை. ஆரணி வட்டாரத்தில் பட்டுத்தறியில் அமர்ந்து பயான் கேட்பவருக்குக் கைகால் இரண்டும் ஓயாது இயங்குவதால் தொங்கும் கம்பி இடையூறு. அவருக்குக் கம்பியில்லாதது வசதி.

ஓதிப் பழகும் மாணவருக்கு வேறொரு சிக்கலும் உண்டு. இரு செவிகளையும் இறுக அடைத்துக்கொண்டு ஓதினால், தம் குரலே தலைக்குள் கிணற்றொலி போல முழங்கும். எலும்பின் வழியே செவிக்குழாயை அடையும் சொந்தக் குரல் வெளியேற வழியின்றித் தங்குவதே காரணம். அந்த முழக்கத்தில் தம் மக்ரஜ் சரியா என்று அவரால் அறிய இயலாது. கேட்பதற்கு இரு செவியிலும் அணியட்டும். திருப்பி ஓதும்போது ஒன்றைக் கழற்றிவிடட்டும். அல்லது அமைதியான அறையில், செவித்துளையை அடைக்காமல் வாயிலில் மட்டும் தங்கும் பழைய வடிவத்தைப் பயன்படுத்தட்டும்.

இனி ஒலித்தரத்திற்கு வருவோம். விளம்பரங்கள் பெருமையாகப் பேசுவது ‘பேஸ்’ எனப்படும் அடியொலியைத்தான். மேளத்திற்கும் திரைப்பட வெடியோசைக்கும் அது தேவைப்படலாம். ஆண்குரலின் அடிப்படை ஒலி பொதுவாக 100 ஹெர்ட்ஸை ஒட்டியோ அதற்கு மேலோ தொடங்குகிறது. ஸாத் போன்ற கன எழுத்துகளின் அடையாளம் அடுத்து வரும் உயிரொலியில் 1000 முதல் 2000 ஹெர்ட்ஸுக்கு இடையில் தெரிகிறது. ஸீனின் கூர்மை அதற்கும் மேலே. மிகைப்படுத்திய அடியொலி இந்த நடுப்பகுதியை மூடி மறைத்துவிடும். ஷெய்கு மஹ்மூத் கலீல் அல்ஹுஸரீ (ரஹ்) அவர்களின் முழு முரத்தல் பதிவு 1961இல் வெளியானது. ஒற்றைத் தட ஒலிப்பதிவான அதனைக் கேட்க, நாற்புறமும் ஒலி சூழ்வதாகக் கூறும் வசதிக்குப் பணம் கொடுப்பதில் பொருளில்லை. பெட்டியில் அச்சிட்ட ‘13 மி.மீ.’ போன்ற எண்களும் அதிர்தகட்டின் அளவை மட்டுமே சொல்லும், தரத்தைச் சொல்லா. நமக்கு நன்கு பழக்கமான ஒரு காரீயின் ஓதலைக் கடையிலேயே ஒலிக்கவிட்டு, மூன்று ‘ஸ’க்களும் தனித்தனியே கேட்கின்றனவா, கூர்மை காதைக் குத்தாமல் இருக்கிறதா என்று பார்ப்பதைவிடச் சிறந்த சோதனை வேறில்லை.

கம்பியா, கம்பியில்லாததா என்ற வினாவுக்குப் பயன்பாடே விடை. வீட்டில் அமர்ந்து பாடம் கேட்கும் பிள்ளைக்குச் சில நூறு ரூபாய்க் கம்பி இயர்போனே போதும். அதற்கு மின்னூட்டம் தேவையில்லை. மின்கலம் தேய்ந்து வீணாவதும் இல்லை. கம்பியில்லாதவற்றின் சிறு மின்கலம் சில ஆண்டுகளில் வலுவிழக்கிறது. பெரும்பாலான மாதிரிகளில் அதனை மாற்றவும் இயலாது. இரைச்சலை நீக்கும் வசதியுடையவை பேருந்து, இரயில் போன்ற சீரான தாழ்ந்த முழக்கத்தை நன்கு குறைக்கும். திடீர் ஒலிகளையும் பேச்சையும் அவ்வளவாகக் குறைக்கா. தினமும் பயணம் செய்வோருக்கு அது பயனுள்ள செலவு. மற்றவர்க்கு அது வீண்விரயத்தின் எல்லையைத் தொடும்.

‘பிள்ளைகளுக்கு இயர்போனே தேவையில்லை, கைப்பேசியின் ஒலிபெருக்கி போதாதா?’ என்று கேட்கும் பெரியவர்களின் கவலையில் நியாயம் உண்டு. சிறு பிள்ளைகளுக்கு அமைதியான அறையில் ஒலிபெருக்கியே மேல். எதைக் கேட்கிறார்கள் என்பதும் பெற்றோருக்குத் தெரியும். ஆயினும் ஒரே அறையில் பலர் வாழும் வீடுகளில், ஒருவர் தொழ, ஒருவர் உறங்க, ஒருவர் மனனம் செய்ய வேண்டியிருக்கிறது. தம் ஓதலால் பிறர் இடையூறு அடையாமல் காப்பதும் நம் ஒழுக்கம்தான். எனவே தடை விதிப்பதைக் காட்டிலும் தக்கதைத் தெரிந்து வாங்கிக் கொடுத்து, பயன்படுத்தும் ஒழுங்கைக் கற்பிப்பதே சரியான வழி.

அந்த ஒழுங்கில் சிலவற்றைக் குறிப்பிடுகிறேன். ஒலியளவைக் கைப்பேசியின் உச்சத்தில் 60 விழுக்காட்டிற்குள் வைத்திருங்கள். மணிக்கொரு முறை கழற்றிச் செவிக்கு ஓய்வு கொடுங்கள். உளூவில் காதுகளுக்கு மஸ்ஹு செய்தபின் ஈரம் உலருமுன் இயர்போனைச் செருகாதீர்கள். அடைபட்ட ஈரம் பூஞ்சைத் தொற்றுக்கு வழிவகுக்கும். ஒருவரது இயர்போனை மற்றொருவர் பயன்படுத்துவதைத் தவிருங்கள். ரப்பர் முனைகளை வாரம் ஒருமுறை கழற்றிக் கழுவி, நன்கு உலர்த்திப் பொருத்துங்கள். சாலையில் நடக்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் அணியவே வேண்டாம். காதில் இரைச்சல் ஒலிப்பதும், பேச்சு மந்தமாகக் கேட்பதும் தொடர்ந்தால், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காலம் தாழ்த்தாமல் காட்டுங்கள்.

காலணி வாங்கும்போது பிள்ளையின் காலை அளந்து பார்க்காமல் எவரும் வாங்குவதில்லை. கடித்தால் காலணியை மாற்றிக்கொள்ளலாம். செவியை மாற்ற இயலாது. அடுத்த முறை இயர்போன் வாங்கச் செல்லும்போது பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். மூன்று முனைகளையும் பொருத்திப் பார்த்து, குறைந்த ஒலியில் எது தெளிவாகக் கேட்கிறதோ அதனையே அவன் தேர்ந்தெடுக்கட்டும்.

வல்ல அல்லாஹ் நமது செவிகளையும் நம் பிள்ளைகளின் செவிகளையும் ஆயுள் முழுதும் நலமுடன் வைத்து, நல்லதைக் கேட்டு அதன்படி நடப்போராக நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக. ஆமீன்.