சேமிப்போடு நின்றுவிடலாமா?

'சிறுகக் கட்டிப் பெருக வாழ்' எனப் பெற்றோர் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கின்றனர். உண்டியலில் காசு சேர்க்கவும் வங்கியில் கணக்குத் திறக்கவும் பழக்குகின்றனர். ஆனால், சேர்த்த பணத்தை எப்படி முதலீடு செய்வது என்பதைக் கற்றுத் தருவோர் மிகக் குறைவு. இடைநிலைப்பள்ளிப் பருவத்திலேயே முதலீட்டின் அடிப்படையைக் கற்பிப்பது அவசியமாகும்.

முதலீடு என்பது செல்வந்தர்களுக்கு மட்டுமே உரியது எனப் பலர் எண்ணுகின்றனர். நம் நாட்டு வரலாறு இதை மறுக்கிறது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸின் முதன்மைச் சாலை துன் சம்பந்தனின் பெயரைத் தாங்கியுள்ளது. அவர் 1960ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அக்காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. அதனால், பாட்டாளிகள் பலர் வேலையையும் வீட்டையும் இழந்தனர். அவர்கள் மாதம் 10 வெள்ளி வீதம் செலுத்திய பணத்தைத் திரட்டி, சங்கம் தோட்டங்களை வாங்கியது. பால்மரம் வெட்டியவர்கள் பங்குதாரர்கள் ஆயினர். உண்டியலிலேயே கிடந்திருந்தால் அந்தப் 10 வெள்ளி நிலமாக மாறியிருக்காது.

இன்றைய மாணவர்கள் அறிய வேண்டிய கணக்கும் எளியதே. 1,000 ரிங்கிட் ஆண்டுக்கு 6 விழுக்காடு வளர்ந்து, லாபமும் முதலோடு சேர்ந்துகொண்டே வந்தால், 12 ஆண்டுகளில் அது ஏறக்குறைய 2,000 ரிங்கிட் ஆகும். இளமையில் தொடங்குவோருக்குக் காலமே துணை நிற்கும். அதேவேளையில், எல்லா முதலீடும் ஏறிக்கொண்டே போவதில்லை. கிள்ளான் லிட்டில் இந்தியாவில் வாங்கும் தங்கச் சங்கிலியைக் குடும்பத்தார் முதலீடாகவே கருதுகின்றனர். ஆனால், அதை விற்கும்போது தங்கத்திற்கே விலை கிடைக்கும். கொடுத்த செய்கூலி திரும்பக் கிடைக்காது. இதையும் முன்கூட்டியே கணக்கிடத் தெரிய வேண்டும்.

படிக்கும் வயதில் பணத்தைப் பற்றிப் பேசினால் பேராசை வளரும் எனச் சிலர் அஞ்சுகின்றனர். இந்த அச்சத்தில் நியாயம் உண்டு. எனினும், பேராசையைத் தூண்டும் விளம்பரங்கள் மாணவர்களின் கைப்பேசிக்கு ஏற்கெனவே வந்துவிட்டன. 'ஒரே வாரத்தில் இரு மடங்கு லாபம்' என்னும் செய்தியைக் காணும் மாணவர் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். இந்த லாபம் எந்தத் தொழிலிலிருந்து வருகிறது? போட்ட பணம் குறைய வாய்ப்புண்டா? இதை நடத்துவோர் உரிமம் பெற்றவர்களா? பேங்க் நெகாரா வெளியிடும் எச்சரிக்கைப் பட்டியலையும் பார்க்கலாம். ஆனால், பட்டியலில் பெயர் இல்லை என்பதாலேயே ஒரு திட்டம் பாதுகாப்பானது என்று பொருளாகாது. கேள்வி கேட்கக் கற்றவர் எளிதில் ஏமாறமாட்டார்.

இதற்குத் தனிப் பாடநூல் தேவையில்லை. பல பள்ளிகளில் கூட்டுறவுக் கடை இயங்குகிறது. மாணவர்களே அதன் பங்குதாரர்கள். கடை எதை விற்றது, எவ்வளவு செலவானது, பங்காதாயம் எப்படிக் கணக்கிடப்பட்டது என்பதை ஆண்டுக் கூட்டத்தில் அவர்கள் கேட்டறியலாம். உழைப்பின் அருமையோடு பணத்தைக் காக்கும் அறிவையும் பிள்ளைகளுக்கு வழங்குவது பெற்றோர், ஆசிரியர் இருவரின் கடமையாகும்.