பத்தாண்டுக் காரும் பாதியில் நிற்கும் சலுகையும்

திறந்த சந்தை மதிப்பு 60,000 வெள்ளி உள்ள ஒரு ஜெர்மானியக் கார் சிங்கப்பூருக்கு வந்து இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 2023 பிப்ரவரியில் திருத்தப்பட்ட விகிதப்படி, அதற்குக் கூடுதல் பதிவுக் கட்டணம் மட்டுமே 86,000 வெள்ளி. தீர்வை 12,000. அதற்கு மேல் பொருள், சேவை வரி. கடைசியாக வாகன உரிமைச் சான்றிதழ். பெரிய கார்களுக்கான ‘பி’ பிரிவில் அது 2023 அக்டோபரில் 150,001 வெள்ளிக்குப் போனது. அந்த விலையில் கணக்குப் போட்டால், விற்பனையாளர் தன் லாபத்தைச் சேர்க்கும் முன்பே கார் 3 லட்சம் வெள்ளியைத் தாண்டிவிடுகிறது.

இவ்வளவு கொட்டிக் கொடுத்தவருக்குச் சர்வீஸ் நாளன்று மாற்று கார் இல்லை என்றால் கோபம் வரத்தான் செய்யும். தேக்காவில் ரேஸ் கோர்ஸ் சாலைக்கு வாழையிலைச் சாப்பாட்டுக்கு வரும் சொகுசு கார்க்காரர்களின் பேச்சிலும் இந்தப் புலம்பல் உண்டு. முன்பு சும்மா கிடைத்ததெல்லாம் இப்போது ‘பேக்கேஜ்’ என்ற பெயரில் விலைக்கு வருகிறது என்பார்கள்.

கோபம் நியாயம்தான், அது பாயும் திசைதான் சற்றுத் தவறு. கொடுத்த பணத்தில் பெரும்பங்கு லெங் கீ சாலைக் காட்சிக்கூடங்களுக்குப் போகவில்லை, அரசுக் கருவூலத்துக்குப் போனது. வாங்கியவர் மனத்தில் அது 3 லட்சம் வெள்ளிக் கார். தயாரித்தவருக்கோ அது 60,000 வெள்ளிக் கார். அந்த விலைக்குரிய கவனிப்பைத்தான் அவர் திட்டமிடுகிறார்.

தயாரிப்பாளர்களும் சும்மா இருக்கவில்லை. உபரிச் சக்கரம் பல மாடல்களில் காணாமல் போனது. எஞ்சின் எண்ணெய் அளவு பார்க்கும் குச்சி போய், திரையில் ஒரு குறியீடு வந்தது. கியர் பெட்டி எண்ணெயை ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று பிஎம்டபிள்யூ சொல்கிறது. அந்தக் கியர் பெட்டிகளில் பலவற்றைச் செய்து தரும் இசட்எஃப் நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. யாருடைய ஆயுள் என்பதுதான் கேள்வி. முதல் உரிமையாளர் கையில் இருக்கும்வரை செலவு குறைவாகத் தெரிய வேண்டும், பிறகு வருவதை அடுத்தவர் பார்த்துக்கொள்ளட்டும் என்ற கணக்கு இதில் இருக்கிறது.

அமெரிக்காவில் பிஎம்டபிள்யூ 2017 மாடல்களிலிருந்து இலவசப் பராமரிப்பை 4 ஆண்டிலிருந்து 3 ஆண்டாகக் குறைத்தது. 2022-இல் சில நாடுகளில் இருக்கையைச் சூடாக்கும் வசதிக்கு மாதச் சந்தா கேட்டு, எதிர்ப்புக்குப் பிறகு 2023-இல் கைவிட்டது. (சிங்கப்பூர் வெக்கையில் அந்தச் சந்தாவுக்கு ஆள் தேடுவது சிரமம்.) மெர்சிடிஸ் அதே 2022-இல் அமெரிக்காவில் மின்கார் கூடுதல் வேகமெடுக்க ஆண்டுக்கு 1,200 டாலர் விலை வைத்தது. ஏற்கெனவே காருக்குள் இருக்கும் திறனுக்கே இந்தக் கட்டணம்.

சிங்கப்பூரில் இது கூடுதலாக உறுத்துவதற்குக் காரணம், சான்றிதழின் ஆயுள் 10 ஆண்டு என்பதுதான். உத்தரவாதமும் இலவச சர்வீசும் பெரும்பாலும் 3 ஆண்டிலோ 5 ஆண்டிலோ முடிகின்றன. செலவு வைக்கும் பிற்பாதியில் உரிமையாளர் தனியாக நிற்கிறார்.

ஆனால் அவர் கையில் ஒரு பிடி இருக்கிறது; அதைப் பலர் பயன்படுத்துவதில்லை. கார் உதிரிபாகச் சந்தையை ஆராய்ந்த போட்டித்தன்மை ஆணையத்துடன் பேசிய பிறகு, முக்கிய விற்பனையாளர்கள் 2017 டிசம்பரில் ஒரு நிபந்தனையை நீக்கினர். வெளிப் பட்டறையில் சர்வீஸ் செய்தாலே உத்தரவாதம் போய்விடும் என்ற நிபந்தனை அது. இப்போது வெளிப் பட்டறையின் வேலையால்தான் பழுது வந்தது என்றால் மட்டுமே விற்பனையாளர்கள் உத்தரவாதக் கோரிக்கையை மறுக்கலாம். சின் மிங், காக்கி புக்கிட், ஊபி பட்டறைகளுக்குக் கதவு திறந்துவிட்டது. இருந்தும் பலர் தயங்குகிறார்கள். சர்வீஸ் புத்தகத்தில் அதிகாரபூர்வ முத்திரை இல்லாவிட்டால் விற்கும்போது விலை குறையுமோ என்ற பயம். உத்தரவாதம் முடிந்த பிறகும் நல்லெண்ணத்தில் ஏதாவது செய்து தருவார்கள் என்ற நம்பிக்கை. முகவர்கள் சலுகையைக் குறைக்கத் துணிவதற்கு இந்தத் தயக்கமே போதும்.

புதுக் காரிலேயே குறை இருந்தால் 2012 செப்டம்பர் முதல் ‘லெமன்’ சட்டம் உண்டு. 6 மாதத்துக்குள் தெரியும் குறை, காரை ஒப்படைத்தபோதே இருந்ததாகக் கருதப்படும். அப்படி இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் பாடு. ஏழாம் ஆண்டில் விழித்துக்கொள்ளும் மின்னணுக் கோளாறுக்கு அது உதவாது.

அங்கேதான் புதிய பூட்டு. ஜாலான் புசார் பக்கத்து உதிரிபாகக் கடையில் பாகம் கிடைக்கலாம். அதைக் காரின் கணினி ஏற்றுக்கொள்ள, பல மாடல்களில் தயாரிப்பாளரின் மென்பொருள் வழியாகப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. பழுதுபார்ப்புத் தகவலைச் சுதந்திரப் பட்டறைகளுக்கும் தர வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2007-லேயே விதி செய்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012-இல் சட்டமாக்கியது. சிங்கப்பூரில் 2024-இல் அதிகம் விற்ற மின்கார் பிராண்டு பிஒய்டி. மின்கார்கள் பெருகப் பெருக, பட்டறைக்காரருக்கு ஸ்பேனரைவிட அந்த மென்பொருளின் அனுமதிதான் அதிகம் தேவைப்படும். சொகுசு கார் உரிமையாளர்கள் காட்சிக்கூடத்தில் மாற்று கார் கேட்டுச் செலவழிக்கும் குரலில் பாதியையாவது, அந்த அனுமதியைக் கேட்டு ஆணையத்தின் கதவைத் தட்டச் செலவிடலாம்.