குறைவாக ஓடிய பழைய கார்

செங்கல்பட்டு அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் பி.எம்.டபிள்யூ தொழிற்சாலை 2007ல் திறக்கப்பட்டது. அங்கே முதலில் பூட்டப்பட்ட கார்களில் ஒன்று 3 சீரிஸ். ஈ90 என்பது அந்தத் தலைமுறையின் குறியீட்டுப் பெயர். அன்று பெரும் பணக்காரர் வீட்டு வாசலில் மட்டும் நின்ற அந்தக் கார், இன்று ஒரு புதிய சின்னக் காரின் விலைக்கே பழசாகக் கிடைக்கிறது. வேகத்தில் ஆசை உள்ள இளைஞர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். விளம்பரத்தில் அவர்கள் கண் முதலில் போவது கிலோமீட்டர் கணக்கின் மேல் தான். நாற்பதாயிரம் என்று இருந்துவிட்டால் போதும், "வண்டி புதுசு மாதிரி" என்று முடிவு கட்டி விடுகிறார்கள்!

தவறான முடிவு. பிரேக்கிலும் சஸ்பென்ஷனிலும் ஓடி ஓடித் தேயும் பாகங்கள் சில தான். சும்மா நின்றாலும் கெட்டுப் போகும் பாகங்கள் அதைவிட அதிகம்.

பிரேக் ஆயிலையே எடுத்துக் கொள்ளலாம். அது காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த விதியே 155 டிகிரியாக இறங்கி விடுகிறது. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலிருந்து இறங்கும்போது பிரேக்கை மாற்றி மாற்றி மிதித்தால் சூடு ஏறும். பழைய ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சு போல உள்ளே போகும், வண்டி நிற்காது. பேட் புத்தம் புதிதாக இருந்தும் பயன் இல்லை. எவ்வளவு ஓடியது என்று பார்க்காமல் 2 வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றச் சொல்வது இதனால் தான். அதற்கு ஆகும் செலவு ஒருமுறை டேங்க் நிரப்புவதை விடக் குறைவு.

அடுத்தது ரப்பர். இந்தக் காரின் முன் சக்கரங்களைப் பிடித்திருக்கும் ஆர்ம்களில் ஒன்றின் புஷ் வெறும் ரப்பர் அல்ல, உள்ளே திரவம் அடைத்தது. வயதானால் ரப்பர் வெடித்துத் திரவம் ஒழுகி விடும். பிறகு வேகத்தில் பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் உதறும். மெக்கானிக்கிடம் போனால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "டிஸ்க் வளைஞ்சிருக்கு சார், லேத்துல போட்டுடலாம்." டிஸ்க்கும் காரணமாக இருக்கலாம், மறுப்பதற்கில்லை. ஆனால் புஷ்ஷைப் பார்க்காமல் கடைந்தால் என்ன ஆகும்? உதறல் போகாது, அல்லது கொஞ்ச நாளில் திரும்பி வரும். மறுபடி கடைவார்கள். டிஸ்க்கின் மேலேயே குறைந்தபட்ச தடிமன் பொறித்திருக்கிறது. அதை யார் படிக்கிறார்கள்? மெலிந்த டிஸ்க் சூட்டைத் தாங்காது.

புது புஷ் போடுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. வண்டியை லிஃப்ட்டில் தொங்கவிட்டபடி போல்ட்டை இறுக்கிவிட்டால், கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக் கொண்டே இருக்கும், சீக்கிரம் கிழியும். சக்கரத்தின் மேல் வண்டியின் பாரம் உட்காரும் நிலையில் தான் கடைசி இறுக்கு. அவசரத்தில் இதை விட்டுவிட்டு, பிறகு "பார்ட்ஸ் டூப்ளிகேட்" என்று பழி போடுவது வழக்கம்.

"பழைய வண்டி, இதுக்குப் போய் இவ்வளவு செலவா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி தான், உதிரி பாகங்கள் மலிவு இல்லை. ஆனால் அதே ஆட்கள் சைலன்சர் மாற்றவும், இன்ஜின் சக்தியைக் கூட்டவும், வண்டியைத் தாழ்த்தவும் தயங்காமல் பணம் தருகிறார்கள். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகிறது. ஒன்றரை டன் எடையுள்ள காருக்கு முன்னால் ஸ்கூட்டரில் குழந்தையோடு போகிறவருக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை, ஆபத்து மட்டும் அவருக்கு. சக்தியைக் கூட்டும் பணத்தை முதலில் ஆயிலுக்கும், புஷ்ஷுக்கும், ஷாக் அப்சார்பருக்கும் போடுவது தான் சரி. மிச்சம் இருந்தால் சைலன்சர்.

வாங்குவதற்கு முன் வண்டியை லிஃப்ட்டில் ஏற்றிப் பார்க்க விற்பவர் சம்மதிக்காவிட்டால் அடுத்த வண்டியைப் பார்க்கலாம். ஈ90 நிறையவே விற்பனைக்கு வருகிறது.